சாளுக்கியரின் நீலச் சட்டை

எங்கள் ஃப்ரிட்ஜின் மேல்தட்டு சாளுக்கிய தேசம். கீழ்த்தட்டு சோழ மண்டலம். நடுத்தட்டில் ஒரு கேலன் பால் கேனும் முட்டை அட்டையும் இருக்கும். அது எல்லோருக்கும் பொது, அதனால் துங்கபத்திரை. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் அந்த ஆற்றைத் தாண்டித்தான் சோழர்களும் சாளுக்கியர்களும் மாறி மாறி அடித்துக்கொண்டார்கள். நாங்கள் தயிர் டப்பாவுக்காக அடித்துக்கொண்டோம். மூன்றாவது ஆள் குண்டூர்க்காரர், கடைசியாக வந்து சேர்ந்தவர். அவருக்கு ஃப்ரிட்ஜின் கதவு மட்டும்தான் மிச்சம். "ஐந்நூறு வருஷம் லேட்டா வந்தா கதவுதான் கெடைக்கும் ராயரே" என்று சொன்னது நான். அவருக்குக் கிருஷ்ணதேவராயர் என்று பட்டம் கட்டியதும் நான்தான். இந்த மாதிரி வேலையெல்லாம் எனக்கு நன்றாக வரும்.

இது நடந்தது சான்டா கிளாராவில், இரண்டாயிரத்தின் கடைசியிலும் அடுத்த வருடத்தின் பாதிவரையிலும். ஒரு கன்சல்டிங் கம்பெனி எங்களை விசாவில் கூட்டிக்கொண்டு வந்து, இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட் ஒன்றில் போட்டிருந்தது. அதற்கு கெஸ்ட் ஹவுஸ் என்று பெயர். ப்ராஜெக்ட் கிடைத்தவன் வேலைக்குப் போவான். கிடைக்காதவன் சோறு வடித்துவிட்டு போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அப்படி உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் பெஞ்ச். நான் தஞ்சாவூர்க்காரன், ஆகவே சோழன். என்னோடு பெஞ்சில் இருந்தவர் தார்வாட்காரர், கன்னடம் பேசுகிறவர், ஆகவே சாளுக்கியர். கோயம்புத்தூரில் நாலு வருடம் இன்ஜினியரிங் படித்ததால் தமிழ் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. அதுவும் என்ன தமிழ், வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்ட தமிழ். என்னைவிட இரண்டு வயது பெரியவர், ஆனாலும் என்னை நீங்க வாங்க என்றுதான் கூப்பிடுவார். நானும் அப்படியே.

அவருக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். மனைவிக்கு விசா ஸ்டாம்ப் ஆகிவிட்டது. கெஸ்ட் ஹவுஸில் குடும்பத்தைச் சேர்க்க மாட்டார்கள். ப்ராஜெக்ட் கிடைத்தால் தனி வீடு எடுத்து அந்தப் பெண்ணை வரவழைக்கலாம், கிடைக்காவிட்டால் இவர் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அந்தப் பெண் பெட்டி கட்டி வைத்திருக்கிறாள் என்பதும் தெரியும், ஏனென்றால் பெட்டியில் என்ன வைப்பது என்ன எடுப்பது என்று வாரம் மூன்று நாள் போனில் பேச்சு நடக்கும். எனக்குக் கன்னடம் புரியாது. ஆனால் ஊறுகாய் பற்றிய விவாதம் எந்த மொழியில் நடந்தாலும் புரிந்துவிடும்.

எனக்கு அப்போது சோழப் பைத்தியம். இப்போதும் இருக்கிறது, ஆனால் இப்போது வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியும். ராஜராஜன் பெரிய கோயிலுக்குக் கொடுத்தது ஒவ்வொன்றையும் கல்லில் வெட்டி வைத்தான், நானூறு ஆடல் பெண்களைக் குடிவைத்து யார் எந்தத் தெருவில் எத்தனாவது வீடு என்றுகூட வெட்டி வைத்தான் என்று ஆரம்பித்தேன் என்றால், சோறு ஆறிப்போகும், நான் நிறுத்த மாட்டேன். ராஜேந்திரன் கப்பல் அனுப்பிக் கடாரம் பிடித்த கதைக்காக ஃப்ரீஸருக்குக் கடாரம் என்று பெயர் வைத்தேன். ராயர் ஒரு நாள் அதில் மீன் வைத்துவிட்டார். "கடாரத்துல ஆக்கிரமிப்பு" என்று நான் கத்த, சாளுக்கியர் சிரித்துக்கொண்டே மீனை எடுத்துப் பொரித்துவிட்டார். அவர் மீன் சாப்பிடாதவர். எங்களுக்காகப் பொரித்தார்.

இன்னொரு பெயரும் நான் வைத்தது. அதுதான் பின்னால் என்னைக் குத்தியது. எங்கள் ரெஸ்யூமுக்கு மெய்க்கீர்த்தி என்று பெயர்.

மெய்க்கீர்த்தி என்பது கல்வெட்டின் தலையில் ராஜா தன் பெருமையைச் சொல்லிக்கொள்கிற பகுதி. எந்தெந்த நாட்டைப் பிடித்தேன், யார் யாரை ஓட வைத்தேன் என்று வரிசையாக வரும். ராஜராஜன் காலத்திலிருந்து அது சோழர்களுக்கு வழக்கமாகிவிட்டது. புதிதாக ஒரு நாட்டைப் பிடித்தால் வரிசையில் புதிதாக ஒரு பெயர் சேரும். கம்பெனி எங்களுக்குத் தயாரித்துக் கொடுத்த ரெஸ்யூமும் அதே மாதிரிதான். இரண்டு வருட அனுபவம் ஆறு வருடமாகும். பார்த்தே இராத ப்ராஜெக்டுகள் நாம் வென்றவை ஆகும். என் ரெஸ்யூமில் ஒரு டெலிபோன் கம்பெனியின் பில்லிங் ப்ராஜெக்ட் இருந்தது. அது நான் செய்தது அல்ல. சாளுக்கியர் பெங்களூரில் மூன்று வருடம் கண் விழித்துச் செய்தது. அதை அவர் ரெஸ்யூமிலிருந்து அப்படியே காப்பி எடுத்து என்னுடையதிலும் ஒட்டிவிட்டார்கள். நான் அவரிடம் காட்டி, "பாத்தீங்களா, உங்க நாட்டைப் புடிச்சுட்டேன்" என்றேன்.

"வச்சுக்கங்க. இன்டர்வியூல கேட்டா முழிப்பீங்களேன்னுதான் கவலை" என்றார்.

அப்புறம் சாப்பாட்டு நேரங்களில் அந்த டேட்டாபேஸ் எப்படிக் கட்டினது, எங்கே அடி வாங்கினது, எப்படிச் சரிசெய்தது எல்லாம் எனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். கேட்டால் முழிக்கக் கூடாதே என்று.

இரண்டாயிரத்தொன்று பிறந்ததும் காற்று மாறிவிட்டது. தினமும் ஏதாவது ஒரு கம்பெனியில் ஆட்களை அனுப்பினார்கள். சான்டா கிளாரா இந்தியக் கடையின் போர்டில் கட்டில், மெத்தை, கார் விற்பனை என்று துண்டுக் காகிதங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குத்தியிருக்கும். ராயருக்கு மட்டும் ப்ராஜெக்ட் இருந்தது, அதோடு ஒரு பழைய காரும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர்தான் மலையைத் தாண்டி லிவர்மோர் கோவிலுக்கு டிரைவ் பண்ணிக் கூட்டிப்போவார். சாமிக்கு ஒரு கும்பிடு, மற்றபடி சாப்பாட்டுக்காகத்தான் போனோம். சொல்ல வெட்கம் என்ன.

மார்ச்சில் ஒரு ஞாயிறு, சாப்பாட்டு வரிசையில் நின்றபடி நான் ஆரம்பித்துவிட்டேன். பக்கத்தில் மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, கேட்க ஆள் கிடைத்தால் எனக்குச் சொல்லவா வேண்டும். கங்கபாடி, நுளம்பபாடி, இரட்டபாடி ஏழரை இலக்கம் என்று பிடித்த நாடுகளை விரல் விட்டுச் சொன்னேன். அந்த அங்கிள் சந்தோஷமாகக் கேட்டார். "தம்பி சூப்பரா பேசறீங்க. ஏப்ரல்ல நம்ம அசோசியேஷன் ஃபங்ஷன் இருக்கு, ஸ்டேஜ்ல ஒரு பத்து நிமிஷம் பேசுங்களேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் நின்ற சாளுக்கியரின் தோளில் கை போட்டு, "இரட்டபாடின்னா இவர் ஊர்தான் அங்கிள். நாங்க புடிச்சது" என்றேன்.

சாளுக்கியர் எப்போதும் போலச் சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் சிரித்தார், பிறகு சொன்னார்.

"எங்க ஊர்ப் பக்கத்துலயும் அதே காலத்துக் கல்லு ஒண்ணு இருக்குங்க. சோழர் பெரும் படையோட வந்தாரு, ஊரைக் கொள்ளையடிச்சாரு, பொம்பளைங்க கொழந்தைங்களைக்கூட விடலைன்னு அதுல வெட்டியிருக்கு. எங்க ராஜா அவரைத் துரத்திவிட்டாருன்னும் இருக்கு."

அங்கிள் வாய்விட்டுச் சிரித்தார். "தம்பி, சரியான ஆளைப் பக்கத்துல வச்சுக்கிட்டு பேசறீங்க" என்று என் முதுகில் தட்டினார். அவர் மனைவியும் சிரித்தார். அவர்களுடைய பெண் குழந்தைகூட, விஷயம் புரிந்ததோ இல்லையோ, "ஹீ காட் யூ" என்றது. எனக்குக் காது சூடாகிவிட்டது. புளியோதரை இறங்கவில்லை.

திரும்பும்போது காரில் நான் விடவில்லை. காற்றாலைகள் சுற்றும் மலைகளைப் பார்த்தபடி, பின்சீட்டில் இருந்தவருக்குக் கேட்கிற மாதிரி, "தோத்தவங்க கல்லுல எதை வேணா வெட்டிக்கலாம்" என்றேன்.

"ஜெயிச்சவங்களும் அப்படித்தானுங்களே" என்றார் அவர். குரலில் கோபம்கூட இல்லை.

ராயர் ஸ்டீயரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தார். "பாஸ், டூ ஜீரோ. சாளுக்கியா வின்ஸ்" என்றார். திங்கட்கிழமை முழுவதும் உர்ரென்று இருந்தேன். முப்பது வயதை எட்டப்போகிற ஆள், ஆயிரம் வருடத்துக்கு முன் செத்த ராஜாவுக்காக இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். நினைத்தால் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் கம்பெனியின் மார்க்கெட்டிங் ஆள் சாளுக்கியருக்கு போன் செய்தார். சான்டா கிளாராவிலேயே ஒரு க்ளையன்ட், பில்லிங் டேட்டாபேஸ் தெரிந்த ஆள் வேண்டுமாம். இவருடைய ரெஸ்யூம் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. நாளைக்கோ மறுநாளோ எந்த நேரமும் இன்டர்வியூவுக்குக் கூப்பிடலாம், போனை விட்டு நகராதே என்று சொன்னார். சாளுக்கியர் உடனே தன் நீலச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு, கதவுக்குப் பின்னால் ஹாங்கரில் தொங்கவிட்டார். மனைவி கல்யாணத்துக்கு வாங்கிக்கொடுத்த சட்டை அது. வெளிர்நீலம், முழுக்கை. செவ்வாய் காலை குளித்து, ஷேவ் செய்து, போன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை துணி துவைப்பது என் முறை. மூன்று பேர் துணியையும் ஒருவர் எடுத்துப்போய், அபார்ட்மென்டின் பின்பக்கத்து லாண்டரி அறையில் போட்டு, காயும்வரை காவல் இருந்து கொண்டுவர வேண்டும். காவல் இல்லாவிட்டால் யாராவது ஈரத்துணியை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு மெஷினைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு அன்று கழுத்துப் பிடிப்பு என்று சொன்னேன். பிடிப்பு கொஞ்சம் இருந்தது, நிறைய இல்லை.

"நான் போயிட்டு வர்றேனுங்க" என்று கூடையைத் தூக்கிக்கொண்டார் சாளுக்கியர். வாசலில் நின்று திரும்பினார். "போன் வந்தா மட்டும் கிச்சன் ஜன்னலைத் தொறந்து ஒரு கொரல் குடுங்க. ஓடி வந்துருவேன்."

"நான் பாத்துக்கறேன், போங்க" என்றேன்.

பதினொன்றே கால் மணிக்கு போன் அடித்தது. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். கிரெடிட் கார்டு விற்கிறவர்கள் தொல்லை தாங்காமல், உடனே எடுக்காமல் ஆன்சரிங் மெஷினைப் பேசவிட்டு, யார் என்று குரலைக் கேட்டுவிட்டுத்தான் எடுப்போம். அன்றும் மெஷின் பேசி முடித்தது. பீப் சத்தம் வந்தது. மார்க்கெட்டிங் ஆளின் குரல் சாளுக்கியரின் பெயரைச் சொல்லி, இன்றைக்கு இரண்டு மணிக்கு இன்டர்வியூ, இருக்கிறாயா, எடு எடு என்றது. நான் எடுத்தேன்.

எடுத்தபடி கிச்சனுக்கு வந்தேன், வயர் நீளமானது. ஜன்னல் வழியாக லாண்டரி அறையின் கண்ணாடிக் கதவு தெரிந்தது. அதற்குள் அவர் முதல் லோடை மடித்துக்கொண்டிருந்தார். என் லுங்கி. அதை இரண்டாக மடித்து, நாலாக மடித்து, மேலே ஒரு தட்டுத் தட்டி அடுக்கினார். கையை நீட்டினால் ஜன்னல் கொக்கி.

அவர் வெளியே போயிருக்கிறார் என்றேன். எப்போது வருவார் என்றார் அந்த ஆள். தெரியாது என்றேன். அப்புறம், யாரும் கேட்காமலே, "அவர் இந்தியாவுக்கே திரும்பிப் போறதுன்னு முடிவு பண்ணிட்டார் போலிருக்கு" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு கெட்ட வார்த்தை கேட்டது. "என் ரெஸ்யூம்லயும் அதே பில்லிங் ப்ராஜெக்ட் இருக்கு" என்றேன். அந்த ஆளுக்கு யார் போனால் என்ன, ஒரு தலை வேண்டும். பன்னிரண்டரைக்குள் ஆபீஸுக்கு வா, புது ரெஸ்யூமை ஃபேக்ஸ் பண்ணிவிட்டு அங்கிருந்தே போகலாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு மனசில் இருந்தது, அந்த ஆத்திரத்தில் செய்துவிட்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொல்வது கொஞ்சம் கௌரவமாக இருந்தது, ஏதோ வம்சப் பகை மாதிரி. அதெல்லாம் பொய். எனக்குப் பயம். அமெரிக்கா போன பிள்ளை ஆறே மாதத்தில் திரும்பி வந்தான் என்று தஞ்சாவூரில் தெருமுனையில் பேசுவார்களே என்கிற சாதாரண, கேவலமான பயம். அதற்காகத்தான் செய்தேன்.

என் நல்ல சட்டைகள் எல்லாம் லாண்டரிக் கூடையில் இருந்தன. கதவுக்குப் பின்னால் நீலச் சட்டை தொங்கியது. போட்டுக்கொண்டேன். ஒரு காகிதத்தில், 'எனக்கு திடீர்னு ஒரு இன்டர்வியூ. உங்க சட்டையை எடுத்துட்டுப் போறேன், மன்னிக்கவும். சோழன்' என்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். பின்பக்கம் போகாமல் முன்படி வழியாக இறங்கி பஸ் பிடித்தேன்.

இன்டர்வியூவில் டெலிபோன் பில்லிங் பற்றித்தான் கேட்டார்கள். எங்கே அடி வாங்கியது, எப்படிச் சரிசெய்தாய் என்றார்கள். நான் சொன்னேன். ரசம் சாதத்தோடு அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளையே சொன்னேன். ஒரு இடத்தில் அவர் மாதிரியே கையை விரித்துக் காட்டினேன் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் எடுத்துக்கொண்டார்கள்.

ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தபோது என் கட்டில்மேல் என் துணிகள் மடித்து அடுக்கியிருந்தன. சாளுக்கியர் கிச்சனில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார்.

"கெடைச்சுதுங்களா?" என்றார்.

"கெடைச்சுது. சட்டை… அவசரத்துல…"

"பரவால்லீங்க. உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி வெங்காயத்துக்குத் திரும்பினார்.

தனக்கு ஏதாவது போன் வந்ததா என்று அவர் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை. இரண்டு நாளாக போனைக் கட்டிக்கொண்டு கிடந்த மனிதர் அதைக் கேட்கவில்லை. அது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ, அப்பாடா, தப்பித்தோம் என்று இருந்தேன்.

அதற்குப் பிறகு அவருக்கு அழைப்பே வரவில்லை. ஊருக்குப் போக முடிவு செய்தவன் என்று நான் சொன்னது கம்பெனியில் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டதோ, வேறு இடமே இல்லாமல் போனதோ, எனக்குத் தெரியாது. ஏப்ரலில் அசோசியேஷன் ஃபங்ஷன் வந்தது. நான் மேடையில் ராஜராஜனைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். இருபது நிமிடம் ஆகிவிட்டது. நாடுகளைச் சொன்னேன், கோயிலைச் சொன்னேன், எதையும் மறைக்காமல் கல்லில் வெட்டி வைத்த மன்னன் என்று சொன்னேன். தார்வாட் பக்கத்துக் கல்லைப் பற்றிச் சொல்லவில்லை. கடைசி வரிசையில் சாளுக்கியர் உட்கார்ந்திருந்தார். எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினார்.

மே மாதத்தில் கம்பெனி அவரைப் போகச் சொல்லிவிட்டது. தார்வாடில் அந்தப் பெண் பெட்டியைப் பிரித்திருப்பாள். ஊறுகாயை என்ன செய்தாளோ. நான் அதற்குள் ஒரு பழைய கார் வாங்கியிருந்தேன், ஏர்போர்ட்டுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். ராயரும் வருவதாக இருந்தது, கடைசி நேரத்தில் ஆபீஸில் மாட்டிக்கொண்டார். ஃப்ரீவே முழுக்க நான் வளவளவென்று பேசிக்கொண்டே வந்தேன். ஆறு மாதத்தில் மார்க்கெட் சரியாகிவிடும், திரும்ப வரலாம், என் கம்பெனியில் கேட்டுப் பார்க்கிறேன் என்று. அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

செக்யூரிட்டிக்குப் போகும் இடத்தில் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீங்க சொன்ன மாதிரியே ஆயிடுச்சுங்க. ஊருக்கே திரும்பிப் போறேன்" என்றார்.

நான் அதை அவரிடம் சொன்னதே இல்லை. ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தேன், போனில். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் வரிசையில் போய் நின்றுவிட்டார். திரும்பிப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினார்.

ஜூனில் ராயருக்கு டல்லாஸில் வேலை கிடைத்தது. வீட்டைக் காலி செய்கிற வேலையில், ஆன்சரிங் மெஷினை யார் எடுத்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. நீயே வச்சுக்க பாஸ் என்றார். பழையதை அழித்துவிட்டு என் பெயரில் புதிதாக ஒரு வரவேற்பு பேசி வைக்கலாம் என்று டேப்பை ஆரம்பத்துக்கு ஓட்டினேன். எங்கள் மெஷினில் பட்டனை அழுத்தினால் புதுச் செய்திகள் மட்டும்தான் வரும். யாராவது கேட்டுவிட்டு அழிக்காமல் விட்டவை டேப்பில் அப்படியே கிடக்கும். நான்கைந்து செய்திகள் ஓடின. அப்புறம் மார்க்கெட்டிங் ஆளின் குரல் வந்தது. எடு எடு என்றது. அதை அடுத்து என் குரல்.

மெஷின் பேச ஆரம்பித்த பிறகு போனை எடுத்தால், நிறுத்தும் பட்டனை அழுத்தாதவரை அது பதிவு செய்துகொண்டே இருக்கும். எனக்கு இது தெரியும். அன்றைக்கு மறந்துபோயிற்று. எல்லாம் இருந்தது. வெளியே போயிருக்கிறார். தெரியாது. இந்தியாவுக்கே திரும்பிப் போகிறார் போலிருக்கு. என் ரெஸ்யூமிலும் இருக்கு. நன்றி சார், நன்றி சார். இரண்டு தடவை நன்றி சொல்லியிருக்கிறேன்.

அன்று மத்தியானம் துணிக்கூடையோடு உள்ளே வந்து, சிவப்பு விளக்கு மினுக்குவதைப் பார்த்து, ஆவலாகப் பட்டனை அழுத்தியிருப்பார். அதைக் கேட்டுவிட்டுத்தான் என் துணியை என் கட்டிலில் அடுக்கினார். கேட்டுவிட்டுத்தான் கெடைச்சுதுங்களா என்றார். அழிக்கவும் இல்லை, ராயருக்குப் போட்டுக் காட்டவும் இல்லை.

அதற்கு அடுத்து ஒரு பெண் குரல். அவர் மனைவி. கன்னடத்தில் வேகமாக, கொஞ்சம் சிரிப்போடு பேசினாள். எனக்குப் புரிந்தது ஒரே ஒரு வார்த்தை, இன்டர்வியூ. அது வந்த நேரம் எனக்கு ஞாபகம் இருந்தது. மறுநாள், புதன்கிழமைக் காலை. நான் குளியலறையில் இருந்தேன், கதவு வழியாக அந்தக் குரல் கேட்டது. குளித்துக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை என்று சொல்ல முடியாது, குளித்தது நான். அவர் ஹாலில் மெஷினுக்குப் பக்கத்தில்தான் இருந்தார். எடுக்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார்.

"யாரு பாஸ்?" என்று கிச்சனிலிருந்து கேட்டார் ராயர்.

"யாருமில்ல. கிரெடிட் கார்டு" என்றேன். அழிக்கும் பட்டனை அழுத்தி, டேப் முழுவதும் ஓடி முடியும்வரை விரலை எடுக்கவில்லை.

அதற்கப்புறம் எனக்கு எல்லாம் நன்றாகவே நடந்தது. கிரீன் கார்டு வந்தது. குபெர்டினோவில் வீடு வந்தது. ரெஸ்யூமைப் புதுப்பிக்கும் போதெல்லாம், அந்த முதல் க்ளையன்டின் பெயர் வரிசையில் அடியில் இருக்கும். யாராவது, அந்த வருஷம் எப்படி சார் தப்பிச்சீங்க என்று கேட்டால், லக் என்று சொல்வேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். அவருக்கு எத்தனையோ தடவை மெயில் எழுத ஆரம்பித்தேன். 'எப்படி இருக்கீங்க' என்பதைத் தாண்டி ஒரு வரி வரவில்லை. ஒரு தடவை மைசூர் வரை போனேன், தார்வாட் போகவில்லை. தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

அவர் பக்கத்துக் கல் என்று இருந்தது அந்த டேப் ஒன்றுதான். அதையும் உடைத்தவன் நான். மிச்சம் இருப்பது என் மெய்க்கீர்த்தி மட்டும்தான், அதில் இந்த விஷயம் கிடையாது. அதனால் அந்த டேப்பில் இருந்ததை நானே இங்கே எழுதி வைக்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணி. அழைப்பு அவருக்கு வந்தது. அவர் எங்கும் போயிருக்கவில்லை, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் என் துணியை மடித்துக்கொண்டிருந்தார். ஜன்னலை நான் திறக்கவில்லை.